கவலைப்பட்ட ஆடுகள் இரண்டு

நார்தம்பர்லாந்து மலைச்சரிவில்
கல்வேலி தாண்டும் படிக்கருகே ஒரு பலகை:
ஆடுகளை வொரி செய்யும் நாய்
சுடப்படும்.

பர்மிங்காமிலிருந்து மாற்றலாகி வந்த முதல் வாரம்
கான்ஸ்டபிள் லயல் பென்னன்ட்
அதைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினான்.
ஆட்டுக்கு என்ன வொரி,
வீட்டுக் கடனா?

இன்று மார்ச் மழை. சமையலறை மேசையில்
அவனுடைய படிவம். எதிரே
ரப்பர் பூட்ஸைக் கழற்றாத ஹெஸ்டர் திர்ல்வெல்.
"எழுதிக்கொள். செம்மறி இரண்டு, இரண்டும் சினை.
வொரீட்.
ஒன்று போய்விட்டது. மற்றது போய்க்கொண்டிருக்கிறது."

பேனா நின்றது.
"கவலைப்பட்டன என்றா எழுதட்டும்?"

அவள் எழுந்தாள். "வா."

கொட்டகை வைக்கோலில் கிடந்தது ஆடு.
தாடைக்குக் கீழே கம்பளி இல்லை.
கம்பளி இருந்த இடத்தில் தோலும் இல்லை.
படுக்கைவாட்டில் கிழித்த கோடுபோன்ற கருவிழி
அவனைப் பார்த்தது, அல்லது
அவனுக்குப் பின்னால் திறந்திருந்த கதவை.

"இதுதான் அந்தச் சொல்," என்றாள்.
"குரல்வளையைக் கவ்வி உலுக்குவது. விடாமல்.
உங்கள் மனசுக்கெல்லாம்
அது நேற்றுத்தான் வந்தது."

உண்மைதான்.
ஆயிரம் வருடம் முன்பு அதற்கு ஒரே பொருள்:
கழுத்தை நெரி.
பிறகு நாயின் வாய்க்குப் போனது, ஓநாயின் வாய்க்கு.
பிறகு தொல்லை தருபவனுக்கு.
கடைசியில்தான், இரவு இரண்டு மணிக்கு
கூரையைப் பார்த்துப் படுத்திருப்பவனுக்கு.

நாம் அதை வாங்கியபோது
பல்லைப் பிடுங்கிவிட்டு வாங்கினோம்.
வொரி பண்ணிக்காதீங்க சார், சர்வர் டவுன்,
நாளைக்கு வாங்க.
நம் கவலை வேறு சாதி.
பழைய தமிழில் அது கவைத்த வழி:
தடம் இரண்டாய்ப் பிரியும் இடத்தில்
தயங்கி நிற்கும் கால்.
பிரித்துப் போட்டு நிறுத்திவைக்கும்,
மிஞ்சினால் அரிக்கும், கரையான் கதவை அரிப்பதுபோல்,
திறக்கும்வரை தெரியாது.
பாயத் தெரியாது அதற்கு.

இலக்கணம் சின்னதுதான்.
ஆட்டுக்கு 'ஆல்'. நாயால்.
மனிதருக்கு 'பற்றி'. பிள்ளையைப் பற்றி,
ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி.
உருபு மாறியதும் இரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.
அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுபடி மேசை. அவன் ஈரத்தொப்பி, ஆறிய தேநீர்.
பக்கம் இரண்டு, கேள்வி ஒன்பது:
நாயின் உரிமையாளர், தெரிந்தால்.

"பக்கத்துப் பண்ணை நாயா?
மலையேற வந்தவர்கள் யாராவது?"

கெட்டில் கொதிக்கிறது. அவள் அதை அணைக்கவில்லை.
கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து
மேசையில் வைக்கிறாள்:
எச்சிலில் முறுகி
நூல்போல் ஆன வெள்ளைக் கம்பளி,
சுண்டுவிரல் நீளம்.
விடிகாலையில் ஒரு வாயைத் திறந்து
கடைவாய்ப் பல்லிடுக்கிலிருந்து
அவளே உருவியது.

அவனுக்குப் புரியவில்லை.
புரியாமல், நல்ல பையன், கேட்கிறான்:
"நீங்கள் ரொம்ப வொரீடாக இருக்கிறீர்கள்.
எதைப் பற்றி?"

"பற்றி இல்லை," என்கிறாள் ஹெஸ்டர்.

கை தானாகவே கழுத்துக்குப் போகிறது.
பதினொரு வருடம். போன குளிர்காலம்
பனியில் புதைந்த பதினேழு ஆட்டை
மோப்பத்தாலேயே மீட்டவன்.
மூத்த மகன் தொலைபேசியை எடுக்காத வருடத்தில்
இந்த வீட்டில்
அவள் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்ட
ஒரே பெயர்.

"எழுது," என்கிறாள். "உரிமையாளர், திர்ல்வெல்.
நாயின் பெயர் ஃப்ளிண்ட்."

பெயரைக் கேட்டதும்
மேசைக்கு அடியில்
வால் ஒன்று தரையைத் தட்டுகிறது,
இருமுறை.